கணக்கில் நிற்கும் மிச்சம்

தென் லண்டனில் நம்மவர்கள் மிச்சம் என்று எழுதும் ஊரின் பெயர், நம் மொழியில் மீதியைக் குறிக்கும். இன்றைய வானியலின் பெரும் சிக்கலும் ஒரு மிச்சம்தான். விண்மீன், வாயு, தூசி என்று அறிந்ததையெல்லாம் கழித்த பிறகும், ஈர்ப்புக் கணக்குக் காட்டும் பொருளில் சுமார் 85 சதவீதம் மீந்து நிற்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்ததால் அறிந்துவிட்டதாக ஆகாது.

2008இல் ஸ்போலியார், ஃப்ரீஸ், கொண்டோலோ ஆகிய மூவர் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். முதல் விண்மீன்கள் பிறந்த இடங்களில் கரும்பொருள் அடர்ந்து கிடந்தது. அதன் துகள்கள் மோதி ஒன்றையொன்று அழிக்கும் இயல்புடையவை என்றால், அதில் பிறக்கும் வெப்பமே வாயு மேலும் சுருங்காமல் தடுத்திருக்கும். அணுக்கரு இணைவு இல்லாமலே ஒளிரும் அந்த 'இருண்ட விண்மீன்', சூரியனைப்போல் பத்து லட்சம் மடங்கு நிறைவரை வளர்ந்திருக்கலாம். கரும்பொருள் தீர்ந்ததும் கருந்துளையாகச் சரிந்திருக்கலாம். 2023இல், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட மூன்று ஒளிப்புள்ளிகள் இத்தகையவையாக இருக்கலாம் என்று ஃப்ரீஸும் அவருடன் இருவரும் எழுதினார்கள். அவை விண்மீன் கூட்டங்களாகவும் இருக்கலாம்.

இப்படி மீந்து நிற்பதை என்ன செய்வது என்பது அறம் சார்ந்த கேள்வி. அதிகாரத்தால் அழித்துவிடலாம். 1935 ஜனவரி 11 அன்று, லண்டன் அரச வானியல் கழகத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் முன்பு படித்த 24 வயதுச் சந்திரசேகர், ஒரு வரம்புக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக அடங்க முடியாது என்றார். விண்மீன் அப்படி நடந்துகொள்ள இயற்கை விடாது என்று எடிங்டன் கேலியாக மறுத்தார். அவை சிரித்தது. நோபல் பரிசு வந்தது 1983இல்.

ஆசையால் நிரப்பிவிடவும் செய்யலாம். நம் கூட்டங்களில் கரும்பொருளை முன்னோர் அன்றே சொல்லிவிட்டதாகப் பேசுகிறோம். பழைய நூல்களின் சொற்களுக்கு மெய்யியலில் ஆழமான இடம் உண்டு. ஆனால் அவை எந்தத் துகளின் நிறையையும் சொல்லவில்லை. எந்தத் தொலைநோக்கியும் அவற்றைப் பொய்யாக்க முடியாது. இருண்ட விண்மீன் கருத்தோ தோற்கத் தயாராக நிற்கிறது. கூர்ந்து நோக்கும்போது ஒளிப்புள்ளி பரந்து தெரிந்தால், அது தனி விண்மீன் என்ற வாதம் வலுவிழக்கும்.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் இயற்பியல் படிக்கிறார்கள். நாம் கொடுத்த போலிப் பெருமை உடையும் நாளில், சந்திரசேகரையும் சேர்த்தே தூக்கி எறிவார்கள். அவர்கள் கேட்கும்போது, "இதுவரை தெரிந்தது இவ்வளவு, மிச்சம் இன்னும் தெரியாது" என்று சொல்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.