போதும் என்று சொல்லும் எண்

நம் ஊரில் இரண்டு பழமொழிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்கிறது ஒன்று. ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்கிறது மற்றொன்று. ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அருள் கூடுமா, அலுப்புக் கூடுமா? நான் பணி ஓய்வு பெற்ற நர்ஸ். வேதாந்தம் படித்தவள் இல்லை. ஆனால் பல வருஷமாக தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவள். அதனால் இந்தக் கேள்வியைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

திருப்பத்தூர் வட்டாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எண்ணிச் சொல்லும் பக்தி புதிதல்ல. என்னோடு நைட் டூட்டி பார்த்த வாணியம்பாடி அக்கா தொழுகை முடிந்ததும் தஸ்பீஹ் மணியை உருட்டுவார்: 33, 33, 34. இன்னொரு தோழி கையில் ஜெபமாலை. ஒரு சுற்றுக்கு 53 முறை ‘அருள் நிறைந்த மரியே’. எனக்கு 108. பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, “ஒரு தடவை சொன்னா சாமிக்குக் காது கேக்காதாக்கா?” என்று கேட்டாள். வலிக்கு நடுவே கேட்ட கேள்வி என்று சிரித்துக் கடந்துவிட்டோம். ஆனால் அது பெரியவர்களும் கேட்ட கேள்விதான். கல்லைச் சுற்றி வந்து மந்திரம் முணுமுணுப்பவர்களைச் சிவவாக்கியர் விட்டு வைக்கவில்லை. ஜெபத்தில் வெறும் சொற்களை அடுக்குவதை இயேசு கண்டிப்பது மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்பாதவர்கள் கேட்டால் ஒதுக்கலாம். நம்பியவர்களே கேட்டிருக்கிறார்களே.

எனக்கு இதில் கொஞ்சம் தெளிவு கிடைத்தது புதூர்நாட்டில், ஒரு காபிப் பாத்திரத்தால்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பெர்கொலேட்டர் கொண்டுவந்தான். “அத்தை, இது கரண்ட் இல்லாம, காட்டுல அடுப்பு மூட்டிக் காய்ச்சறது” என்றான். உயரமான எவர்சில்வர் கெட்டில். உள்ளே நட்டநடுவில் ஒரு குழாய். அதன் அடி அகலமாக விரிந்திருக்கும். குழாயின் மேல்பகுதியில் ஓட்டைகள் போட்ட சின்னக் கூடை, அதில்தான் காபித்தூள். மூடியின் உச்சியில் கண்ணாடிக் குமிழ். அடியில் சூடேறினால் அகன்ற பகுதியில் ஆவிக் குமிழிகள் சேர்ந்து, தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளும். மேலே போன தண்ணீர் தூள் மேல் கொட்டி, சாரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே சொட்டும். சொட்டியது மறுபடி சூடேறி மேலே போகும். குமிழ் வழியே நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1819-இல் பாரிஸில் லோரான்ஸ் என்ற தகரக் கொல்லர் இப்படிக் குழாய் வைத்த பாத்திரத்தைச் செய்தார். இன்று அடுப்பில் வைக்கும் வடிவத்துக்கு 1889-இல் காப்புரிமை வாங்கியவர் ஹான்சன் குட்ரிச் என்ற அமெரிக்கர்.

நம் ஃபில்டரில் தண்ணீர் தூளை ஒரே ஒரு தடவைதான் சந்திக்கிறது. மெல்ல இறங்கும், இறங்கியது திரும்பி ஏறாது. பெர்கொலேட்டரிலோ ஒரே தண்ணீர் ஒரே தூளை ஓயாமல் சுற்றுகிறது. முதல் சில சுற்றுகளில் மணமும் நிறமும் திடமும் கூடிக்கொண்டே போகும். ஓர் இடத்துக்குப் பிறகு தூளில் நல்லதாக எடுக்க ஒன்றும் மிச்சமிராது. அதற்கு மேல் சுற்றினால் வருவது கசப்பு மட்டுமே. நாம் வீட்டில் வாங்கும் சிக்கரி கலந்த நைஸ் தூளைப் போட்டால் கூடை ஓட்டை வழியாக வண்டலும் இறங்கிவிடும். கொரகொரவென்று அரைத்த தனிக் காபித்தூள்தான் இதற்குச் சரி. கொதி கண்டதும் தணலைக் குறைத்து, ஐந்தாறு நிமிஷத்தில் இறக்கிவிட வேண்டும்.

அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினோம். புதூர்நாட்டில் எனக்குப் பழக்கமான மலையாளிக் குடும்பம் ஒன்று உண்டு. கேரளத்து மலையாளி அல்ல. இந்த மலைகளின் பழங்குடிகள். அங்கே சாமைதான் பிரதானம். காபி விருந்துச் சமாசாரம். வீட்டு வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார் வீட்டுப் பெரியவர். தண்ணீர் ஏறி இறங்குவதைக் குமிழ் வழியே குழந்தைகள் வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் நர்சம்மா, எறங்கினதையே எதுக்கு மறுபடி ஏத்தறீங்க?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவரே எழுந்து வந்து, எரிகிற கட்டைகளில் இரண்டைப் பின்னுக்கு இழுத்தார். “எரியிறத இழுத்தா கொதிக்கிறது அடங்கும்.” குமிழுக்குள் படபடத்த தண்ணீர், நிதானமாக ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல் என்று ஏறத் தொடங்கியது. காபி நன்றாக இருந்தது.

காபி மனிதர்களிடம் வந்து சேர்ந்ததே திரும்பத் திரும்பச் சொல்வதற்காகத்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. 15-ஆம் நூற்றாண்டு யேமனில் சூஃபிகள் இரவு முழுக்க விழித்திருந்து இறைநாமத்தை ஓதக் காபி குடித்தார்கள். குடிக்கும்போது இறைவனின் ஒரு திருநாமத்தை 116 முறை ஓதும் வழக்கமும் சிலரிடம் இருந்தது. 1511-இல் மக்காவின் அதிகாரி காயிர் பே, பள்ளிவாசல் அருகே இரவில் காபி குடித்தவர்களைக் கண்டு, அறிஞர்களைக் கூட்டி, காபியைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையைத் தளர்த்தினார். பாபா பூதன் என்ற சூஃபி யேமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது நம் பக்கத்து மரபு. காலையில் நாம் ஆற்றிக் குடிக்கும் டம்ளர் ஜபத்தின் வழியாக வந்திருக்கிறது.

திரும்பச் செய்வது வீண் இல்லை என்பதற்கு வேறு சாட்சியும் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் ஒரே வானத்தை இரவு இரவாகப் படம் எடுத்தார்கள். எல்லாப் புள்ளியும் இருந்த இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அதைப் பிடிக்கலாம். 1988-இல் ஆர். ராஜமோகன் இப்படிக் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஒரே ஒரு படத்தில் அது வெறும் இன்னொரு புள்ளி. பார்க்கிற கண் தூங்கிவிட்டால் நூறு படத்திலும் அதே கதிதான்.

இங்கே காபிப் பாத்திரத்தின் பாடம் கொஞ்சம் இடறுகிறது. தூளின் சாரம் தீர்ந்துபோகும். இறைவன் பெயரின் சாரம் தீரும் என்று நம்புகிறவர் யார் சொல்வார்? தீர்வது என் கவனம். ராமன் பெயர் எழுதும் கை ஓட, மனம் பால் பாக்கிக்குப் போய்விட்ட பிறகு எழுதுவதெல்லாம் கசப்புச் சுற்று. அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் அது புளிக்கிறது.

கவனத்தைச் சீக்கிரம் தீர்ப்பது எது என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்த காலத்தில் நோட்டு நோட்டாக எழுதினேன். ஒவ்வொரு வரியும் ஒரு மனு. எழுத எழுத நெஞ்சு கொதித்தது. எண்ணிக்கை கூடக் கூடப் பயமும் கூடியது. இன்னும் ஆயிரம் எழுதியிருந்தால் கிரியாட்டினின் இறங்கியிருக்குமோ என்று கணக்குப் போட்டேன். நர்ஸ் வேலை பார்த்தவள் போடுகிற கணக்கா அது? அவர் போய்ச் சேர்ந்தார். எழுதுவது நிற்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் எழுதிய அந்த நாட்களில்தான் பெயர் பெயராகக் கண்ணில் பட்டது.

அதற்காக வேண்டுதலே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அடியில் நெருப்பே இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு தடவைகூட ஏறாது. பயமோ ஆசையோ இல்லாமல் கோயில் வாசல் மிதித்தவர்கள் எத்தனை பேர்? பெரியவர் அடுப்பை அணைக்கவில்லை. இரண்டு கட்டையைத்தான் இழுத்தார்.

இன்னொன்று, 33, 53, 108 என்ற எண்களை எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அவை நிறுத்தும் இடம் என்று தோன்றுகிறது. கவனம் தீர்வதற்குள் எழுந்துவிடு என்று முன்னோர் போட்ட கோடு. வாணியம்பாடி அக்காவிடம் இதைச் சொன்னேன். “ஆமா, முடிச்சுட்டு வார்டுக்குப் போகணுமில்ல” என்றார். நான் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே இருந்தார்.

கோடி நாமம் சேர்க்கிறோம் என்று என்னிடம் நோட்டுக் கேட்டு வருகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, எழுதியதைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் அவசரத்துக்காக ஒரு பக்கம் கூடுதலாக எழுதுவதில்லை. 108 முடிந்ததும் பேனாவை மூடுகிறேன். மூட மனம் வராத நாள் ஒன்று எப்போதாவது வரும். அன்றைக்குப் பக்தி பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அது என்ன என்று முதலில் பார்ப்பேன். என்னால் செய்ய முடிகிற காரியமாக இருந்தால் எழுந்து போய்ச் செய்வேன்.