வெட்டு இல்லாத நாள்

நவம்பர் பாதியைத் தாண்டியதும் எங்கள் வீட்டில் போர்வைகள் வெளியே வரும். அம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவற்றை எடுத்து, வெயில் முகம் காட்டும் ஏதோ ஒரு காலையில் கொடியில் போட்டு, மடித்து, கட்டிலின் தலைமாட்டில் அடுக்கி வைப்பார். "குளிர் வந்துடுச்சு" என்பார். அந்த நேரத்தில் ஜொகூர் பாருவில் விடிகாலை வெப்பம் 23, 24 டிகிரி இருக்கும். பனி பெய்யும் ஊர்களில் வாழும் உறவினர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அம்மா சொல்வது சரிதான். எப்படிச் சரி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிடம்போலத்தான் வித்தியாசம். சூரியனை நம்பினால் நமக்குக் குளிர்காலமே கிடையாது. நம் குளிர் காற்றில் வருகிறது. வட ஆசியா குளிர்ந்து இறுகும் மாதங்களில் சைபீரியா, சீனப் பக்கமிருந்து கனத்த குளிர்காற்று தெற்கே இறங்குகிறது. தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது வழியெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் கரையேறியதும் கொட்டித் தீர்க்கிறது. அங்கே பனியாக உறைவது இங்கே அடைமழையாக வந்து சேர்கிறது. நவம்பரில் தொடங்கி மார்ச்வரை நீளும் இந்த வடகிழக்குப் பருவமழைதான் ஜொகூரின் குளிர்காலம்.

சாதாரண மழை என்று இதை எண்ணிவிட வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறி அந்தப் பாடத்தைத் திருத்தியது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். அந்த நாட்களைப் பார்த்தவர்கள், "மழைன்னா சும்மாவா" என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அம்மாவின் குளிர்காலத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. அவர் பிறந்து வளர்ந்தது ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே மழைக்காலம் என்றால் வெட்டு நின்றுபோகும் காலம்.

பால்மரம் வெட்டுவதற்கு, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்கு, நேரம் உண்டு. மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முந்திய குளிர்ச்சியில். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தளர்ந்து பால் குறையும். அதனால்தான் தீம்பாருக்கு, அதாவது தோட்டத்துக்கு, வெட்டப் போகிறவர்கள் நெற்றி விளக்கோடு இருட்டிலேயே மர நிரையில் நுழைந்தார்கள். முந்திய வெட்டின் அடியில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் அந்தக் கோட்டின் வழியே பால் ஒழுகி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டும்.

பட்டை நனைந்திருந்தால் இந்த ஏற்பாடு முழுக்கக் கெட்டுவிடும். கோட்டில் ஓட வேண்டிய பால், ஈரப் பட்டையில் பரவி மரத்தின் உடம்பெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மங்கில் மழைநீர் நிறையும். ஈரத்தில் வெட்டிய இடத்தில் பூஞ்சை நோயும் பிடிக்கும். ஆகவே விடியற்காலை மழை பெய்தால் பட்டை காயும்வரை காத்திருக்க வேண்டும். பகல் முழுதும் காயாவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. அந்தக் காலத்து நாட்கூலிக் கணக்கில், வெட்டு இல்லை என்றால் கூலியும் இல்லை. மழையை நம்பித்தான் மரம் வாழ்கிறது, அந்த மழைதான் மரம் வெட்டுகிறவரின் வயிற்றிலும் அடிக்கிறது. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டது இதனால்தான்.

அடைமழை ஓய்ந்து பிப்ரவரி வந்தாலும் சிரமம் முடிந்துவிடாது. அப்போது ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் உதிர்த்து நிற்கும், பால் சுண்டிவிடும். வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பருவத்தைத் தங்கள் ஊர்ச் சொல்லால் குளிர்காலம் என்றே அழைத்தார்கள். பழைய இலைகள் காலடியில் நொறுங்க, உச்சியில் செம்பு நிறத்தில் தளிர் விடும் காட்சியைப் பற்றி அம்மா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அழகு என்றுதான் சொல்வார். அடுத்த மூச்சிலேயே அந்த மாதம் கடையில் பற்று எவ்வளவு ஏறியது என்றும் சொல்வார்.

கூலி இல்லாத அந்த நாட்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் அஞ்சடித் தாழ்வாரத்தில் என்ன நடந்தது என்பதற்கு இப்போது வருகிறேன். படித்தார்கள்.

எல்லோரும் படித்தார்கள் என்றால் பொய்யாகிவிடும். எழுத்தறிந்தவர் பத்து வீட்டுக்கு ஒருவர் இருந்தால் பெரிது. அம்மாவின் லயத்தில் அந்த ஒருவர் என் தாத்தா. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மழை நின்றுவிடாது என்று தெரிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வந்து உட்காருவார்களாம். வெறுந்தேத்தண்ணி, அவித்த மரவள்ளிக் கிழங்கு, நடுவில் மண்ணெண்ணெய் விளக்கு. அவர் கையில் ஒரு பெரிய எழுத்துப் புத்தகம். விக்கிரமாதித்தன் கதையோ அல்லி அரசாணி மாலையோ நல்லதங்காள் கதையோ இருக்கும். சென்னையில் அச்சான அந்த வகைப் புத்தகங்களில் எழுத்து பருமனாக இருக்கும். மங்கிய வெளிச்சத்திலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதற்கு அந்தப் பருமன் தோதாக இருந்தது.

நல்லதங்காள் கதையில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போகும் தங்கை. சோறு போட மறுக்கும் அண்ணி. கடைசியில் கிணறு. கூலி இல்லாத, அரிசிப் பானை அடி தெரியும் நாட்களில், இந்தக் கதையையா படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்? ஆமாம், அதைத்தான் கேட்டார்கள். அங்கே மழை பொய்த்தது, இங்கே மழை விடவில்லை. பசி ஒன்றுதான். தங்கள் நிலைமைக்கு ஒரு பெயரும் ஒரு கதையும் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிவதில் ஆறுதல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தே அறியாத என் பாட்டிக்கு அந்தக் கதை முழுக்க மனப்பாடம். தாத்தா களைப்பில் ஓரிடத்தைத் தாண்டிவிட்டால், "அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்று இருட்டிலிருந்து பாட்டியின் குரல் வருமாம். தாத்தா திரும்பிப் போய் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே நகர்வார்.

புத்தகத்தோடு பத்திரிகையும் வந்தது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கியது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் திறந்ததும் அதே ஆண்டுதான். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். ஜொகூர்த் தோட்டங்கள் இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருந்தன. தாத்தாவின் தோட்டத்தில் எழுத்தரான கிராணி படித்து முடித்த பத்திரிகை இரண்டு நாள் கழித்து லயத்துக்கு வரும். செய்தி பழையதாகியிருக்கும், அதனால் யாருக்கும் குறையில்லை.

1950இல் தமிழ் நேசன் செய்த ஒரு காரியம் என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் பக்கங்களிலேயே 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, எப்படி எழுதுவது என்று பத்திரிகை வழியாகவே பாடம். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, பாதையில் பயம் இருந்தது, கல்லூரி என்பது கனவிலும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எங்கோ தோட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு, நீயும் எழுதலாம் என்று ஒரு பத்திரிகை சொன்னது. 1952இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசன் ஆசிரியராக வந்து 1957வரை இங்கே இருந்தபோது, கேட்பதற்கும் எழுதுவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். ஜொகூரின் தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையே எழுதும் அளவுக்கு இங்கே எழுத்து விளைந்திருந்தது.

1956இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அதற்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைச் சாரங்கபாணி திரட்டினார். தொழிலாளிகள் சிறு தொகைகளாகக் கொடுத்தார்கள். தாங்கள் ஒருநாளும் நுழையப்போகாத நூலகத்துக்கு அவர்கள் கொடுத்த பணத்தில், மழை தின்றது போக மிஞ்சிய கூலியும் சேர்ந்திருக்கும். மரம் வெட்டிப் பிழைத்த வீட்டிலிருந்து வந்த நான் இதை ஒரு வரலாற்றுக் குறிப்பாக மட்டும் கடந்துபோக முடியாது.

திருக்குறளில் பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நன்மை. பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல், அவ்வளவுதான் அந்தத் தலைப்பு. இன்றைக்கு நாம் நன்றி சொல்கிறோம், தெரிவிக்கிறோம். வள்ளுவர் காலத்துத் தலைப்பு நன்றியை அறியச் சொல்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டியிடம் தாத்தா ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மழை விட்டு முதல் சம்பளம் வந்ததும், வீட்டுக்கு அரிசி வாங்குமுன் கடைக்காரரின் பற்றில் ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டு வருவாராம். அடைமழையில் கடைக்காரர் கடன் கொடுத்தது வியாபாரம்தானே என்று அம்மா சின்ன வயதில் கேட்டாராம். "கொடுக்காம இருந்திருக்கலாம்ல" என்பதுதான் பதில்.

அப்படிப் பார்த்தால் எனக்கு அறிய வேண்டியது நிறைய இருக்கிறது. என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். ஆனால் புத்தகம் வாங்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது மூன்றாம் வகுப்புப் படித்த ஒருவர் கூலியில்லாத நாளில் உரக்கப் படித்ததால். அந்த நாட்கள் சுகமானவை என்று நான் சொல்லவில்லை. லயத்து வாழ்க்கையை இனிக்க இனிக்க நினைவுகூர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பசி பசிதான். அதற்கு நடுவிலும் விளக்கை ஏற்றிப் புத்தகத்தைத் திறந்தார்கள் என்பதால்தான் அது பெரிதாகிறது.

அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு ஒரு பகுதி வீடமைப்பு ஆனது. தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. பள்ளி ஆண்டு சில வருடம் மார்ச்சில் தொடங்கி, 2026இல் மறுபடி ஜனவரிக்குத் திரும்பியது. அதனால் ஆண்டு முடிவு விடுமுறையும் டிசம்பர் மழையும் மீண்டும் சேர்ந்துகொண்டன. எனக்கு அதில் பெரிய நிம்மதி. மழைநாளில் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கே வானம் இருட்டிவிட்டால் அம்மா போர்வையோடு சோபாவில் உட்காருவார். என் எட்டு வயது மகன் பக்கத்தில் ஒண்டிக்கொள்வான். கையில் பள்ளி நூலகத்தின் சிறுவர் கதைப் புத்தகம். அம்மா படிக்கத் தொடங்கினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். தகரக் கூரையில் மழை அறையும் சத்தத்தை மீறிப் படித்த தாத்தாவிடம் வாசிக்கக் கற்றவர் அவர். தமிழை உரக்கத்தான் படிக்க வேண்டும் என்றே நெடுநாள் நினைத்திருந்தாராம். எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் உட்கூரை இருக்கிறது, மழைச் சத்தம் உள்ளே அவ்வளவாக வராது.

"பாட்டி, மெதுவாவே படிங்க. எனக்குக் கேக்குது" என்றான் போன வாரம்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலை இறக்கி இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில் வெளியே மழை வலுத்தது. அவர் குரலும் தானாக ஏறியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, படம் தெரியும்படி புத்தகத்தைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்தான்.