15 சாக்குகள்

2015 மார்ச்சில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி கிரெக் ஹார்டி என்ற தற்காப்பு ஆட்டக்காரரை ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: எதிரணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை, அவர் வீசுவதற்கு முன்னாலேயே ஓடிப்போய்க் கவிழ்ப்பதுதான் ஹார்டி மாதிரி ஆட்களின் வேலை. அப்படிக் கவிழ்த்தால் அதற்குப் பெயர் சாக். 2013-ல் கரோலினா பேந்தர்ஸுக்காக ஹார்டி எடுத்தது 15. அப்போது ஒரு பருவத்துக்கு மொத்தமே 16 ஆட்டங்கள். பத்தைத் தொட்டாலே பெரிய ஆள்.

டல்லாஸுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். முந்தைய பருவத்தில் 12 வெற்றி, 4 தோல்வி, பிளே-ஆஃபில் கிரீன் பேயிடம் தோற்று வெளியே வந்திருந்தார்கள். (அந்த ஆட்டத்தில் டெஸ் பிரையன்ட் பந்தைப் பிடித்தாரா இல்லையா என்று எந்த டல்லாஸ்காரரிடமும் கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு ஆறிப்போகும்.)

ஆனால் 2014 பருவத்தில் ஹார்டி ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அந்த வருடம் மே மாதம் முன்னாள் காதலியைத் தாக்கியதாகக் கைதானார். அவர் மறுத்தார். ஜூலையில் ஒரு நீதிபதி அவரைக் குற்றவாளி என்றார். வட கரோலினாவில் இந்த மாதிரி வழக்கில் மேல்முறையீடு செய்தால் ஜூரி முன்னால் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். செய்தார். 2015 பிப்ரவரியில், அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அடுத்த மாதமே டல்லாஸ்.

அந்த வருடம் நான் ப்ராஜெக்ட்டுக்காக இர்விங்கில் இருந்தேன். கவ்பாய்ஸின் தலைமையகமும் அப்போது அங்கேதான், வேலி ராஞ்சில். தெலுங்கும் தமிழும் கேட்கிற அபார்ட்மென்ட்களில் இருந்து கொஞ்ச தூரம். ஆபீஸ் கேன்டீனில் பேச்சு இரண்டே வாக்கியங்களில் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று, "கோர்ட்டே விட்டுடுச்சு, நமக்கென்ன?" இன்னொன்று, "எல்லாருக்கும் ஒரு செகண்ட் சான்ஸ் கொடுக்கணும்ல?"

இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்பதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கோர்ட் விட்டதால் அவர் தப்பே செய்யவில்லை என்று நம்பினால், எதற்கு இரண்டாவது வாய்ப்பு? முதல் வாய்ப்பே இன்னும் முடியவில்லையே. இரண்டாவது வாய்ப்பு தருகிறோம் என்றால், ஏதோ நடந்தது என்று ஒத்துக்கொள்கிறோம். அப்படியென்றால் அடுத்த கேள்வி, அதைத் தருவதற்கு அணி யார்? மன்னிப்பது அடிபட்டவரின் உரிமை. கடன் கொடுத்தவர் ஒருவர் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து "போகட்டும் விடு, தள்ளுபடி பண்ணிட்டேன்" என்று சொல்ல முடியாது.

அணியால் கொடுக்க முடிந்தது ஒரு வேலை. அதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குடோனில் மூட்டை தூக்க ஹார்டி போயிருந்தால் யாரும் கொடி பிடித்திருக்க மாட்டார்கள். தப்பு செய்தவன் வாழ்நாள் முழுக்கச் சம்பாதிக்கவே கூடாது என்று சொல்லும் சமூகம் கொடூரமானது. அந்த வாதம் வலுவானது, அதை லேசாகத் தள்ள எனக்கு மனமில்லை.

ஆனால் ரே ரைஸை என்ன செய்வது? பால்டிமோர் ரேவன்ஸின் ரன்னிங் பேக். 2014-ல், லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அவர் அடித்த வீடியோ வெளியானது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். லீக் விதித்த காலவரையற்ற தடையை எதிர்த்து அந்த நவம்பரிலேயே ஜெயிக்கவும் செய்தார். எந்த அணி வேண்டுமானாலும் எடுக்கலாம். 32 அணிகளில் ஒன்றுகூட எடுக்கவில்லை. வீடியோ இருந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இதையும் பாருங்கள்: 2013-ல் அவர் ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 3.1 கெஜம். ரன்னிங் பேக்குக்கு அது இறங்குமுகம். வருந்தியவருக்குக் கதவு திறக்கவில்லை, மறுத்தவருக்குத் திறந்தது. இரண்டாவது வாய்ப்பு என்பது கொள்கையாக இருந்திருந்தால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் ரைஸ். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது 15, 3.1 என்ற இரண்டு எண்கள்தான்.

தமிழில் சாக்கு என்றால் வேறு அர்த்தம் வருவதற்கு நான் பொறுப்பல்ல.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கத் தராசுதான் காட்டுகிறார்: குணத்தைப் பார், குற்றத்தைப் பார், எது மிகுதியோ அதை வைத்து முடிவெடு. நியாயமான முறை. ஆனால் ஒரு தட்டில் அவர் வைப்பது குணம். திறமையை அல்ல. நாம் சத்தமில்லாமல் அந்தத் தட்டில் சாக் எண்ணிக்கையை வைத்துவிட்டு, எடை சரியாகத்தான் இருக்கிறது என்கிறோம். என் துறையின் மொழியில் சொன்னால், டேட்டா டைப்பே வேறு. இரண்டையும் ஒப்பிட்டால் கம்பைலர் கத்தும். மனசு கத்துவதில்லை.

அணிக்கும் ஹார்டி மேல் நம்பிக்கை இருந்ததா? ஒப்பந்தத்தைப் பார்த்தால் தெரியும். தொகையில் பெரும்பகுதி ஆட்டத்துக்கு ஆட்டம் தருவது. களமிறங்கினால்தான் காசு. சாக் கூடினால் ஊக்கத்தொகை தனி. தடை வந்தால் நஷ்டம் அவருக்கு. வந்தது: லீக் 10 ஆட்டம் என்றது, மேல்முறையீட்டில் நான்காகக் குறைந்தது. அந்த ஒப்பந்தத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த விவகாரத்தில் பொய் சொல்லாத ஒரே ஆவணம் அதுதான்.

பொய் மற்ற இடங்களில் சேர்ந்தது. அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸுடனான ஆட்டத்தில் ஹார்டி மைதான ஓரத்தில் சொந்த அணியின் பயிற்சியாளரோடு மோதினார். முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ், அவர் அணியின் உண்மையான தலைவர்களில் ஒருவர் என்றார். விலை கொடுத்து வாங்கிய பிறகு பொருளைப் புகழாமல் இருக்க முடியாது. கேன்டீனிலும் அதுவே நடந்தது. மார்ச்சில் 'அந்த ஆள்' என்று சொன்னவர்கள் இரண்டாவது சாக்குக்குள் 'நம்ம ஆள்' என்றார்கள். நவம்பரில் அந்தப் பெண்ணின் காயங்களைக் காட்டும் படங்கள் இணையத்தில் வெளியானபோது, அவர்களில் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது, "இதை ஏன் இப்ப போடுறாங்க?"

டல்லாஸ் மேயர் மைக் ராலிங்ஸ் ஆரம்பத்திலேயே எதிர்த்தார். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்களைத் திரட்டி இயக்கம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஊரில் ஒரு பையன் எந்த எண் போட்ட ஜெர்சியை வாங்குகிறான் என்பதும் அவருடைய வேலையின் ஒரு பகுதிதான்.

கடைசியில் ஹார்டி 12 ஆட்டத்தில் 6 சாக். டல்லாஸ் 4 வெற்றி, 12 தோல்வி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. "பாத்தியா, தப்புன்னு அப்பவே சொன்னோம்ல" என்று பலர் எழுதினார்கள். இது எனக்கு ஒவ்வாத வாதம். பெர்னார்ட் வில்லியம்ஸ் 'ஒழுக்கநெறி சார்ந்த அதிர்ஷ்டம்' பற்றிப் பேசும்போது ஓர் ஓவியனைச் சொல்வார்: குடும்பத்தை விட்டுவிட்டுக் கலைக்காகப் போகிறான், வெற்றி பெற்றால் மட்டுமே அவன் முடிவுக்கு நியாயம் கிடைக்கும். டல்லாஸை அந்தக் கணக்கில் தோற்றதற்காகத் திட்டினால், கோப்பை ஜெயித்திருந்தால் சரி என்று ஆகிவிடும். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சில வருடங்கள் கழித்து, வேறொரு நிறுவனத்தில், நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் அபாரமாக கோட் எழுதினார். பழைய இடத்தில் ஜூனியர் பெண் ஒருவர் அவரால் வேலையை விட்டதாக, அங்கே வேலை பார்த்தவரே சொன்ன தகவல் மேஜையில் இருந்தது. நிரூபணம் கிடையாது. "நாம என்ன கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா பாக்குறோம்?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தோம். நல்ல கேள்விதான் அது. காற்றில் வந்த பேச்சை வைத்து ஒருவர் பிழைப்பைத் தடுக்க எனக்கு என்ன உரிமை?

அவருக்குக் கீழே யார் வேலை செய்வார்கள் என்று கேட்டேன். கல்லூரி முடித்து வந்த இரண்டு பெண்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சே தெரியாது. ரிஸ்க் நம்முடையது என்று அறைக்குள் பேசிக்கொண்டிருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் உட்காரப் போவதில்லை. அந்தத் தகவலை முறைப்படி விசாரிக்கும்வரை முடிவை நிறுத்தச் சொன்னேன். அதுவரை என் ஓட்டு வேண்டாம் என்பதுதான். மூன்றுக்கு இரண்டில் அவரை எடுத்தார்கள். திங்கட்கிழமை அவருக்கு லேப்டாப் கொடுத்து, ரெப்போ அனுமதி வாங்கித் தந்தது நான்தான்.