கூட்டத்தின் குரலும் தனிமனிதப் பொறுப்பும்

ஒரு மனிதன் தனித்து நின்று செய்யும் தீங்கினை அளவிடுவதற்கு அறவியலில் அளவுகோல்கள் பல உள. ஆனால், பல்லாயிரம் பேர் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் மிகச் சிறியதொரு பங்கினை மாத்திரம் செய்ய, அதன் விளைவாக ஒருவன் பெருந்துன்பத்திற்கு ஆளானால் பழி யாரைச் சாரும்? தம் பங்கு அற்பமானது என்றும் தம் நோக்கம் தீயதன்று என்றும் கூறி ஒவ்வொருவரும் விலகிக்கொண்டால், தீங்கு எஞ்சி நிற்கும். அதனைச் செய்தவர் எவருமிலர் என்ற விந்தையான முடிவும் பிறக்கும். அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட வீரர் அடம் கூட்ஸ் அவர்களின் வாழ்வு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

கூட்ஸ் 1980ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர். தாய்வழியில் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த அரச கொள்கைக்கு அவருடைய தாயாரும் இலக்கானார். அணிக்குப் பதினெண்மர் நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் கடத்தி ஆடும் ‘அவுஸ்திரேலிய விதி’ உதைபந்தாட்டத்தில், 1999 முதல் 2015 வரை சிட்னி ஸ்வான்ஸ் கழகத்திற்காக 372 போட்டிகளில் அவர் ஆடினார். 2005இலும் 2012இலும் அக்கழகம் வாகை சூடியபோது அவர் அணியில் இருந்தார். ஆட்டத்திறனோடு நேர்மையையும் நோக்கி, மத்தியஸ்தர்களின் வாக்குகளால் வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தை 2003இல் வேறிருவருடன் பகிர்ந்தும், 2006இல் தனித்தும் பெற்றார்.

2013 மே 24ஆம் நாள் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் கொலிங்வூட் கழகத்துடன் நடைபெற்ற போட்டியில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் அவரை மனிதக் குரங்கு என இகழ்ந்தது. அவர் ஆட்டத்தை விட்டு நின்று அக்குரலுக்குரியவரைக் காவலருக்குச் சுட்டிக்காட்டினார். இகழ்ந்தது பதின்மூன்று வயதுச் சிறுமி என்பது பின்னரே தெரியவந்தது. மறுநாள் கூட்ஸ், அச்சிறுமியைப் பழிக்க வேண்டாம் என்றும், அவளுக்கு ஆதரவு தேவை என்றும் வேண்டிக்கொண்டார். செயலை மறைக்காமலும் செய்தவரை வெறுக்காமலும் நிற்கும் அரிய நிலை அது. அவளைக் கற்பித்த சமுதாயமே விடையளிக்க வேண்டும் என்பது அவ்வேண்டுகோளின் உட்கிடை.

சமுதாயம் அளித்த விடை வேறாயிற்று. 2014இல் ‘ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர்’ என்னும் விருதைப் பெற்ற அவர், ஆதிக்குடிகள் நிலமிழந்த வரலாற்றை வெளிப்படையாகப் பேசினார். அதன்பின் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணி ஆதரவாளரிடமிருந்து எள்ளற் கூச்சல் எழலாயிற்று. 2015 மே மாதத்தில், ஆதிக்குடிகளைச் சிறப்பிக்கும் போட்டிச் சுற்றில், கோல் அடித்த மகிழ்ச்சியில் ஈட்டி எறியும் பாவனையுடன் அவர் மரபு வழிப் போர்நடனம் ஆடினார். கூச்சல் மேலும் பெருகியது.

கூச்சலிட்டோர் கூறிய நியாயங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. எதிரணியினரை எள்ளுதல் ஆட்டத்தின் வழக்கம் என்றனர். அவர் தவறடி உதைகளைப் பெற நடிக்கின்றார் என்றனர். ஏனைய ஆதிக்குடி வீரரைத் தாம் எள்ளவில்லையே என்றும் வினவினர். இவற்றுள் இறுதி நியாயமே வலிமையுடையது போலத் தோன்றும். ஆயினும், வாய்திறவாதவரைப் பாராட்டியும் வாய்திறந்தவரை எள்ளியும் நடக்கும் கூட்டம், நிறத்தையன்றிப் பேச்சையே வெறுத்தது எனக் கொண்டாலும், அப்பேச்சு எதைப் பற்றியது என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

எனினும், கூச்சலிட்டோருள் ஆட்டத்தை மாத்திரம் கருதியவர் சிலரேனும் இருந்திருப்பர் என்பதை ஏற்றேயாகவேண்டும். அவருடைய பொறுப்பு யாது? ஆங்கிலேய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைத் தருகின்றார். வதை செய்வோர் ஆயிரம் பேர் ஒவ்வொரு பொத்தானை அழுத்துகின்றனர். ஒவ்வோர் அழுத்தமும், வதைபடும் ஆயிரவரின் வலியை உணரமுடியாத அளவே கூட்டுகின்றது. ஆயின் எல்லாம் சேர்ந்தபோது வலி கொடியதாகின்றது. ‘என் செயலால் எவரும் நோகவில்லை’ என ஒவ்வொருவரும் உண்மையாகவே கூறலாம். எனினும் அவர்கள் தவறிழைப்பவரே. செயலைத் தனியே நோக்காது, எத்தொகுதியின் உறுப்பாக அது நிகழ்கின்றது என்பதையும் நோக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

இதனோடு அறிவு என்னும் கூறும் இணைகின்றது. முதல் வாரத்திற் கூச்சலிட்டவன், அதன் பொருளை அறிந்திலேன் எனக் கூறலாம். அறியாமை ஓரளவு மன்னிக்கப்படும். ஆனால், அது இனஇழிவாகவே உணரப்படுகின்றது என ஆதிக்குடியினரும் சக வீரரும் பொதுவில் உரைத்த பின்னரும் தொடர்ந்தவனுக்கு அந்த நியாயம் இல்லை. விளைவை அறிந்து தொடரும் செயலில் அவ்விளைவும் அவன் தெரிவின் பகுதியாகின்றது. எள்ள அவனுக்கு உரிமை உண்டு. உரிமை உண்டு என்பதனால் அதனைச் செய்வது முறையாகிவிடாது.

2015 ஆகஸ்ட் முதலாம் நாள், மனச்சோர்வினாற் கூட்ஸ் விலகியிருந்த ஒரு போட்டியின்போது, சிட்னி மைதானத்தில் இருந்தோர் எழுந்து நின்று கைதட்டி அவருக்கு மதிப்பளித்தனர். கூட்டம் என்பது தன்னிச்சையற்ற இயற்கைச் சக்தியன்று. அது தெரிவு செய்யும் மனிதராலானது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. அவர் மீண்டும் சில போட்டிகளில் ஆடி, செப்டெம்பரில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் வீரர் மைதானத்தை வலம்வந்து விடைபெறும் இறுதிப்போட்டி நாள் வழக்கத்தில் அவர் பங்குகொள்ளவில்லை.

ஆட்டத்தை நிருவகித்தோர் உரிய வேளையில் உறுதியாகப் பேசவில்லை. 2019 ஜூனில், அவருடைய இறுதி ஆண்டுகளைப் பற்றிய ஆவணப்படம் வெளிவரவிருந்த தறுவாயில், நிருவாகமும் பதினெட்டுக் கழகங்களும் மன்னிப்புக் கோரின. 2021இல் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்படும் சிறப்பை அவர் ஏற்க மறுத்தார். மன்னிப்பை வேண்டியபின் சிறப்பை ஏற்காமை பெருந்தன்மையின்மை எனச் சிலர் கருதலாம். ஆயின், மன்னிப்புக் கோருதல் தவறிழைத்தவரின் கடனாகும். அக்கடனைத் தீர்ப்பதனால் தீங்குற்றவர் திரும்பி வந்தே தீரவேண்டும் என்னும் உரிமை பிறப்பதில்லை. பதின்மூன்று வயதுச் சிறுமியை மறுநாளே பழியினின்று காக்க முன்வந்தவரிடம் பெருந்தன்மை இல்லை எனக் கூறுதல் பொருந்தாது.

அச்சிறுமிக்கு அவளது வயது ஒரு காப்பாயிற்று. வளர்ந்தோர், கூட்டத்தின் அளவைத் தமக்குக் காப்பாகக் கொண்டனர். முன்னது நியாயமான காப்பு, பின்னது அவ்வாறன்று. ஆயிரவருள் ஒருவனாக இருத்தல் ஒருவனது பொறுப்பை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதில்லை. ஏனெனில், அந்த மைதானத்தில் வாய்மூடியிருப்பதா என்பதை ஒவ்வொருவரும் தனித்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது.