ஒரே பெட்டி நியாயம்

மேஜை மேல் தண்டவாளம் போட்டு, குட்டி ரயில் விடுகிறவர்களுக்கு ஒரு தீராத கவலை உண்டு. அவர்களின் 'ஹெச்.ஓ.' ரயில், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. லெவல் கிராசிங்கில் நிற்கும் வண்டிகளும் அதே கணக்கில் இருக்கணும். நாலேகால் மீட்டர் கார் என்றால் 5 சென்டிமீட்டருக்குள். 10 மீட்டர் பஸ் என்றால் பதினொன்றரை. ஜெர்மனியின் ஹெர்ப்பா, வைக்கிங் கம்பெனிகள் கச்சிதமாகச் செய்கின்றன. விலையைக் கேட்டால்தான் பகீர் என்கிறது!

மலிவாக மேட்ச்பாக்ஸ் வாங்கினால்? 1953-ல் இங்கிலாந்தில் பிறந்தபோதே அதற்கு ஒரே விதிதான்... தீப்பெட்டி மாதிரியான பெட்டிக்குள் அடங்கணும். அதனால் காரும் பஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே நீளம். தனித்தனியே பார்த்தால் அழகு. ரயில் பக்கத்தில் வையுங்கள்... கார் ராட்சசனாகிவிடும், பஸ் குள்ளமாகிவிடும்.

எல்லோருக்கும் ஒரே பெட்டி. கேட்க சமத்துவம் மாதிரிதான் இருக்கிறது, இல்லையா?

சிக்னலைத் தாண்டிய ஆட்டோக்காரருக்கும் பங்களாக்காரருக்கும் ஒரே அபராதம் என்று வையுங்கள். ஒருத்தர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. இன்னொருத்தருக்கு அது ஓட்டல் டிப்ஸ். பின்லாந்தில் 1921-லேயே வருமானத்துக்கு ஏற்ற அபராதத்தைச் சட்டமாக்கினார்கள். தொகை வேறு வேறு, வலி ஒன்று.

சட்டம் கிடக்கட்டும். கல்யாண மொய் நோட்டைப் புரட்டும்போது, 'வெறும் நூறு ரூபாயா?' என்று உதட்டைப் பிதுக்குகிறோமே... எழுதியவரின் வருமானத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று எப்போதாவது வகுத்துப் பார்த்திருக்கிறீர்களா?