தூக்கத்தின் கணக்கு

லட்சுமணன் பதினான்கு ஆண்டுகள் வனத்தில் கண் மூடாமல் காவல் இருந்தான் என்று சொல்வார்கள். அத்தனை ஆண்டுத் தூக்கமும் என்ன ஆயிற்று என்று நம் பாட்டிமார்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. அதற்கும் ஒரு கதை சொன்னார்கள். நித்திரா தேவி அவன் முன் வந்து, "உன் பங்குத் தூக்கத்தை யாராவது ஏற்றுக்கொண்டாக வேண்டும்" என்றாளாம். அயோத்தியில் இருந்த ஊர்மிளை அதை வாங்கிக்கொண்டு, அவனுக்கும் சேர்த்துத் தூங்கினாளாம். வால்மீகியில் இல்லாத கதை. ஆனாலும் கதை கட்டியவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. ஒருவர் விழித்திருக்க வேண்டுமென்றால், அதற்கு எங்கேயோ ஒருவர் ஈடு கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

திருப்பூரில் சித்தி வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோது இந்தக் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. வீட்டின் பின்புறம் ஒரு லைன் வீடு, எட்டுக் குடித்தனங்கள். அதில் ஒன்றில் ஓர் இளம் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவாள். அந்த ஊரில் இதற்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். 'ஒன்றரை' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஏதோ கால்படி கூடுதலாக அளந்து கொடுத்ததைப்போல இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் என்பது காதில் விழாது. கப்பலில் சரக்கு ஏற வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் அதுவும் நீளும். அவள் கணவனுக்கு இரவு ஷிப்ட். அவன் விடியற்காலையில் வரும்போது சோறு இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்கக்கா, நீங்க நாலும் படிச்சவங்க. தூக்க மாத்திரை போட்டா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஏதாச்சும் ஆகுங்களா?"

"யார் கொடுத்தார்கள்?" என்றேன்.

"கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க குடுத்தாங்க. ராத்திரி கண்ணே மூடமாட்டேங்குதுங்க. படுத்தா காலு ரெண்டும் குறுகுறுன்னு இழுக்குது. விடியக்காத்தால கொஞ்சம் அசருறப்ப எந்திரிக்கோணும். அத்தைகிட்டச் சொன்னா, புள்ளைத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்கறாங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். காகிதத்தில் மடித்த இரண்டு வெள்ளை மாத்திரைகள். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அதைப் போட வேண்டாம் என்றும், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கால் இழுப்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லும்படியும் கூறினேன். அங்கே ரத்தத்தைச் சோதித்து, இரும்புச் சத்து மிகவும் குறைவு என்று மருந்து கொடுத்தார்கள். கால்களில் இப்படி ஒரு தவிப்பு உண்டாவதற்கு இரும்புச் சத்துக் குறைவும் ஒரு காரணம். சோற்றோடு டீயைக் குடித்தால், உணவில் இருக்கும் இரும்பும் உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் அலுப்பை விரட்ட அவளுக்கு இருந்த ஒரே மருந்து அந்த டீதான்.

அவளுக்குக் கிடைத்த இரண்டு பதில்களை நான் பிறகு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். 'மாத்திரையைப் போட்டுக்கொள்' என்றது ஒரு குரல். 'பொறுத்துக்கொள்' என்றது மற்றொரு குரல். ஒன்று இந்தக் காலத்துக் குரல், மற்றொன்று அந்தக் காலத்துக் குரல் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் உடன்பிறப்புகள். மாத்திரை போட்டாலும் காலை எட்டரைக்கு அவள் போக வேண்டும். பொறுத்துக்கொண்டாலும் போக வேண்டும். அவளைத் தவிர வேறு எவரும், எதுவும் மாற வேண்டியதில்லை என்பதில் இரண்டு குரல்களுக்கும் பூரண ஒற்றுமை.

மாத்திரையைக் கண்டு அவள் பயந்ததற்கு நியாயம் உண்டு. உலகம் ஒரு தடவை இதில் சூடுபட்டிருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் என்ற கம்பெனி 'கான்டர்கான்' என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மருந்துப் பெயர் தாலிடோமைடு. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. தீங்கே இல்லாத மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். கருத்தரித்த நான்காவது, ஐந்தாவது வாரத்தில், தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரியாத அந்த நாட்களில், ஒரு மாத்திரைகூடச் சிசுவின் கை கால்களைக் கருக்கிவிடப் போதுமானதாக இருந்தது. 1961-இல் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் லென்ஸும், ஆஸ்திரேலியாவில் டாக்டர் மக்பிரைடும் இந்த உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் பல நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்துவிட்டன. அமெரிக்காவில் மட்டும் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, கம்பெனி எவ்வளவு நெருக்கியும், 'இது பத்திரமானது என்பதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டு அனுமதியை நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் என்ன பாடம் படித்தோம்? 'கர்ப்பிணி மாத்திரையைத் தொடக்கூடாது' என்று படித்தோம். தூங்க ஆசைப்பட்ட தாய்தான் குற்றவாளி என்பதுபோல! அந்தத் தாய்மார்கள் செய்த தவறு என்ன? அலுத்துப்போன உடம்புக்கு ஓர் இரவுத் தூக்கம் கேட்டார்கள்; கடைக்காரன் சொன்னதை நம்பினார்கள். சோதித்துப் பாராமல் 'பத்திரம்' என்று சொன்னவர்கள் வேறு யாரோ. ஆனால் பெற்ற குழந்தையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் 'நான்தானே சாப்பிட்டேன்' என்று வெந்தது தாயின் வயிறுதான். அந்தக் கம்பெனி, பாதிக்கப்பட்டவர்களிடமும் அவர்களுடைய தாய்மார்களிடமும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது 2012-இல். அதற்குள் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தபடியே கண்ணை மூடியிருப்பார்கள்!

பயத்துக்கும் ஒரு விலை உண்டு. மசக்கைக்குக் கொடுக்கப்பட்ட பெண்டெக்டின் என்ற மருந்து, வழக்குகளின் தொல்லை தாங்காமல் 1983-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அதனால் குழந்தைக்கு ஊனம் வருகிறது என்பதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே மருந்துச் சேர்க்கை 2013-இல் வேறு பெயரில் அங்கே திரும்பி வந்தது. நடுவில் முப்பது ஆண்டுகள், கிடைத்திருக்கக்கூடிய ஓர் ஆறுதல் கர்ப்பிணிகளுக்கு இல்லாமல் போயிற்று. ஆகையால் மருந்து என்றாலே விஷம் என்பதும் அறிவாகாது. சில தூக்க மருந்துகள் கர்ப்ப காலத்துக்கு ஒவ்வாதவை. சிலவற்றை அவசியம் அறிந்து டாக்டர் கொடுப்பதுண்டு. நெடுநாள் சாப்பிட்டு வருகிறவள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்தில்லாமலே தூக்கத்தைப் பழக்கும் வழிகளும் இருக்கின்றன. மனம் சோர்ந்து, இரவு பகலாகக் கண் மூடாத தாயை அப்படியே விட்டுவிடுவதும் சிசுவுக்கு நல்லதல்ல. இதையெல்லாம் எடைபோட்டுச் சொல்ல டாக்டர் வேண்டும்; பெயர் எழுதிய மருந்து வேண்டும். இந்தியாவில் அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது விதி; விற்றால் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பதும் 2014 முதல் விதி. முந்தானை முடிச்சுக்குள் எந்த விதி நுழையும்?

பெயரில்லாத மாத்திரை என்பது அந்த ஒரு பெண்ணின் கதை மட்டுமல்ல. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களைக் கண்டு பேசினார்கள். மாதவிலக்கு வலிக்கென்று வேலை இடத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். வலியாவது விலக்காவது, மிஷின் நிற்கக்கூடாது! ஒரு பெண்ணின் உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது அதற்கு வாய்ப்பூட்டு போடுவது மருத்துவம் ஆகுமா?

'அவளாகத்தானே ஓவர்டைம் கேட்கிறாள்?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். பிரசவச் செலவு, வாடகை, வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து கேட்கச் சொல்கின்றன. 'சரக்கு நாளைக்குக் கப்பல் ஏறாவிட்டால் முதலாளி நஷ்டப்படமாட்டாரா?' என்றார். அதுவும் உண்மை. தூர தேசத்துக் கடைக்காரர் குறித்த தேதிக்கு முதலாளியும் அடிமைதான். ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் மேலிருந்து கீழே உருண்டு வந்து, கடைசியில் யார் தலையில் இறங்குகின்றன என்று பாருங்கள். அவளுக்குக் கீழே உருட்டிவிட இன்னும் ஓர் ஆள்தான் இருக்கிறது. அது வயிற்றுக்குள் இருக்கிறது.

தாலிடோமைடு ஜெர்மானியக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்ட அதே 1961-இன் கடைசியில்தான் நம் நாட்டில் பேறுகாலப் பயன் சட்டம் பிறந்தது. பிரசவத்துக்கு முந்திய சில வாரங்களில் கர்ப்பிணியைக் கடின வேலையிலோ நெடுநேரம் நிற்கும் வேலையிலோ வைக்கக்கூடாது என்று அது சொன்னது. ஆனால், 'அவள் கேட்டுக்கொண்டால்' என்று ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. கேட்கிற துணிவு எத்தனை பேருக்கு உண்டு? 2017-இல் பேறுகால விடுமுறை 26 வாரம் ஆயிற்று. நல்லதுதான். ஆறாம் மாதத்தில் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறவளின் இரவை அது தொடவில்லை.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சட்டங்கள் தெரியாது. ஆனாலும் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். வளையல் ஓசையையும் கட்டுச்சோற்றையும் நாம் சடங்கு என்று கொண்டாடுகிறோம். அதன் உட்பொருள் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. விடியற்காலையில் எழுந்து எவருக்கும் சோறு ஆக்க வேண்டாத ஒரு வீட்டில் சில மாதங்கள் அவள் தூங்கட்டும் என்பதுதான் அது. அவளுடைய விழிப்பைத் தாய் ஏற்றுக்கொண்டாள். தெற்குச் சீமையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குத் தாய்வீடு பல நூறு மைல் தொலைவில் இருக்கிறது. அந்த இடத்தை யார் நிரப்புவது?

கர்ப்பிணி மாத்திரை போடலாமா, கூடாதா என்று கேட்கிறோம். அதற்கு டாக்டர் பதில் சொல்வார். அவள் தூக்கத்தை எடுத்துக்கொண்டது யார் என்ற கேள்விக்கு டாக்டர் பதில் சொல்ல முடியாது. அதற்குக் கணவன் பதில் சொல்ல வேண்டும். விடியற்காலை அடுப்பை அவன் மூட்டலாம். மாமியார் பதில் சொல்ல வேண்டும். தான் பொறுத்ததையே மருமகளும் பொறுக்க வேண்டும் என்பதில் என்ன தர்மம் இருக்கிறது? முதலாளி பதில் சொல்ல வேண்டும். வயிறு தெரிந்த நாளிலிருந்து ஒரு ஷிப்டோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உட்கார ஒரு நாற்காலியும் போட்டால் கம்பெனி முழுகிவிடாது. அந்த அரை ஷிப்ட் கூலிக்கு வழி செய்ய முதலாளியும் சர்க்காரும் வேண்டும். கடைசியாக, அவள் கைப்பட்ட பனியனை அணிந்துகொண்டு இரவில் நிம்மதியாகத் தூங்கப் போகும் நாமும் பதில் சொல்ல வேண்டும்.

ஊர்மிளையாவது தானாக மனம் ஒப்பி வாங்கிக்கொண்டாள். இவளிடம் அந்தச் சம்மதத்தைக்கூட யாரும் கேட்கவில்லை.