இன்மையை எதைக் கொண்டு அறிவது?

வீட்டுக் கணினியில் இணையம் அறுந்தால், இல்லாத ஒன்றை எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், அறிவது என்ற பழைய தர்க்கக் கேள்வி எழுகிறது. தரையில் குடம் இல்லை என்பதைக் கண்ணே காண்கிறது என்றனர் நியாயத் தர்க்க மரபினரான நையாயிகர். வேத விளக்க மரபில் குமாரிலர் வழிவந்த மீமாம்சகர் இதை ஏற்காமல், காணாமையையே தனி அளவையாக வைத்தனர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பொருள் இருந்திருந்தால் தென்பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாதது எதையும் நிறுவாது.

இணையச் சோதனை சறுக்குவது பெரும்பாலும் இந்த நிபந்தனையில்தான். ஏதோ ஒரு தொலைமுகவரிக்குப் 'பிங்' என்ற சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வராததால் இணைப்பே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். பல சர்வர்கள் பிங்கைத் தடுத்தே வைத்திருக்கும். வழக்கமாகப் பதிலளிக்கும் 8.8.8.8 என்ற முகவரி வாய்திறக்காவிட்டால் அந்த மௌனத்துக்கு மதிப்பு உண்டு. அது பதிலளித்தும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் மீது ஐயம் திரும்பும்.

விண்டோஸ் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் நிலைமை வேறு. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது கணினி தானாகச் சூட்டிக்கொள்ளும் எண் அது. இங்கே அடையாளத்தைக் கொண்டே இன்மை அறியப்படுகிறது. காணாமையையும் அனுமானத்துக்கு அடிப்படையான ஏதுக்களில் ஒன்றாக்கி அதற்குள் அடக்கிய பௌத்தர் தர்மகீர்த்தி, இதற்குத் தனி அளவை கேட்டிருக்க மாட்டார்.